ஒரு முதுகு, ஒரு கை, ஓர் அம்பாசிடர்

போன மாதம் விஜயா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பிசியோதெரபி அறை அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. முதுகு வலிக்காரர்கள் இனிமேல் அவ்வளவு தூரம் அலைய வேண்டாமாம். கைபேசியில் முகத்தைப் பார்த்துப் பேசி, குனிய, நிமிர, படுக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்துவிடலாமாம். "நீங்க இன்னா நெனைக்கிறீங்க மேடம்?" என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன். பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்து, எங்களிடம் வலியைக் குறைத்துக்கொண்டு, திரும்பப் போகும்போது அதே பஸ்ஸில் அதை மீட்டுக்கொண்டு போன ஜனங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கோதண்டத்தின் முதுகை மட்டும் கைபேசியில் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது என்றேன். அதைப் பார்க்க நான் ஒரு காரின் பின் சீட்டில் ஏற வேண்டியிருந்தது. "அத்த எழுதிக் குடுங்க, புதுசா வந்தவங்க படிக்கட்டும்" என்றாள். சும்மா இருப்பவளிடம் வேலை கொடுக்க எல்லோருக்கும் தெரிகிறது.

நான் உறுவையாற்றுக்காரி. அப்பா கரும்பு போட்டார், நான் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், மறந்தேன், மறுபடியும் மனப்பாடம் செய்தேன். வில்லியனூர்ப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஜனங்கள் என்னை 'எக்சசைஸ் மேடம்' என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு.

வேலையை நான் கற்றது எங்கள் தலைமை பிசியோதெரபிஸ்ட் அருளப்பன் சாரிடம். ஒட்டடைக் குச்சி போல உயரமாக, ஒல்லியாக இருப்பார். அவருக்கே தீராத முதுகு வலி. பகல் சாப்பாடு ஆனதும் இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் பாயைப் போட்டுப் படுத்து, கால்களை மட்டும் ஸ்டூல்மேல் வைத்துக்கொள்வார். உள்ளே வருபவர்களுக்கு முதலில் தெரிவது ஸ்டூல்மேல் இரண்டு பாதங்கள்தான். "வாங்க, உக்காருங்க, நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும்" என்று தரையிலிருந்து குரல் வரும். வைத்தியருக்கே இந்தக் கதியா என்று பயந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு அவரைப் பார்த்ததுமே தைரியம் வந்துவிடும்.

யாரைத் தொடுவதற்கு முன்பும் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கத்திரி வெயிலிலும் தேய்ப்பார். "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பார். எண்பது வயதுக் கிழவரானாலும், மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்த மருமகளானாலும் அதே கேள்வி. 'வலிக்குதா' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்களையும் கேட்க விடமாட்டார். வலிக்குதா என்று கேட்டால் பாதிப் பேர் நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காக இல்லை என்பார்கள், மீதிப் பேர் நம்மைப் பயமுறுத்த ஆமாம் என்பார்கள் என்பார். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இந்த வலியால நீங்க எதை விட்டுட்டீங்க?"

மணப்பட்டிலிருந்து வந்த மீனவர் ஒருவர், வலை இழுப்பதை விட்டுவிட்டேன் என்றார். ஒரு பெண், பேரப்பிள்ளையைத் தூக்குவதை விட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். நடவு நட்டே வயதான ஓர் அம்மா, "எதையும் வுட முடியலையே சார், அதனாலதான் வலிக்குது" என்றார். சார் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார். யார் எதை விட்டார்களோ அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்பது அவர் கணக்கு. எலும்பும் தசையும் அதற்கு அப்புறம்தான்.

கோதண்டமும் அவர் மனைவி தனக்கோட்டியும் எங்களிடம் வந்தது ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு. ஊர் சோரியாங்குப்பம். தனக்கோட்டிக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. கைப்பயிற்சிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் தனி அறை இருந்ததால், பாகூர் தாண்டி, ஏரிக்கரை தாண்டி, உறுவையாறு வழியாக அவ்வளவு தூரம் வந்தார்கள். வந்தது ஒரு பழைய அம்பாசிடரில். வெள்ளை என்று சொல்ல முடியாத, காய்ச்சி வைத்த பாலின் நிறம். முன் சீட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பெஞ்சு. கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்கை ஒட்டி இடது பக்கம் ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு அந்த மாதிரிக் காரைப் பார்த்தால் இளைஞர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கோதண்டத்துக்கு அது சோறு போட்ட கார். பாகூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணழைப்புக்கு அவர் கார்தான் போகும்.

அந்தச் சவாரிகளில் தனக்கோட்டியும் கூடவே முன் சீட்டில் போவாளாம். எந்தச் சவாரியை ஒத்துக்கொள்வது, எதைத் தட்டிக்கழிப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. அதைவிட முக்கியமான வேலை ஒன்று அவளுக்கு இருந்தது. பெற்றவர்கள் வீட்டை விட்டுப் புறப்படும் பெண் பின் சீட்டில் அழத் தொடங்கினால், இவள் முன்னாலிருந்து திரும்பி, சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வாள். மண்டபம் வரும்வரை விடமாட்டாளாம். "நான் வண்டிதான் ஓட்டுனேன் மேடம். பொண்ணுங்கள இட்டாந்து சேத்தது அவதான்" என்று கோதண்டம் சொல்வார்.

அப்படிப்பட்டவளுக்கு மிஞ்சியது ஒரே சொல், 'இன்னா'. 'என்ன' என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் நாக்கில் நின்றுவிடும். பசித்தாலும் இன்னா, கோபம் வந்தாலும் இன்னா, பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் இன்னா. எந்த இன்னா எதற்கென்று கோதண்டத்துக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. பயிற்சி அறையில் மரக்கட்டையை எடுத்துத் துளையில் வைக்க வேண்டும், களிமண் உருண்டையை அமுக்க வேண்டும், மணி கோக்க வேண்டும். தனக்கோட்டிக்கு அது எதுவும் பிடிக்கவில்லை. கட்டையை முன்னால் வைத்தால் என் முகத்தைப் பார்த்து "இன்னா" என்பாள். நான் என்ன சின்னப்பிள்ளையா என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது.

ஒரு நாள் களிமண் உருண்டை அவள் கையிலிருந்து நழுவிக் கோதண்டத்தின் காலடிக்கு உருண்டது. அவர் எப்போதும் உட்கார மாட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருப்பார். அன்றைக்கு அவர் குனியவில்லை. செருப்பைக் கழற்றி, கால் விரல்களால் உருண்டையைக் கவ்வி, காலை மடக்கித் தூக்கிக் கையில் வாங்கிக்கொண்டார்.

"கால்ல எடுத்ததுக்குக் கோச்சுக்காதீங்க மேடம்" என்றார்.

"முதுகா?" என்றேன்.

"சும்மா புடிப்பு. பனியில நின்னு வண்டி தொடச்சேன்."

"இன்னா" என்றாள் தனக்கோட்டி. பொய் சொல்லாதே என்று அர்த்தம்.

சாரிடம் அழைத்துப் போனேன். சார் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். தொடலாமா என்று கேட்டார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். படுக்க வைத்து ஒவ்வொரு காலாக மடக்காமல் தூக்கிப் பார்த்தார். வலது கால் நன்றாகவே மேலே போனது. இடது கால் கொஞ்சம் தூக்கியதுமே பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்துப் பிடித்தது. விரல்களில் வலு குறையவில்லை. சிறிய சுத்தியலால் தட்டியபோது முழங்கால் ஒழுங்காகத் துள்ளியது. எக்ஸ்ரேயில் வயதுக்குரிய தேய்மானம் தவிர வேறில்லை. நரம்பு நசுங்கிப்போகவில்லை, எதுவோ அதை உரசிக்கொண்டே இருக்கிறது என்றார் சார். பிறகு தன் கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணும் வுடலையே சார்" என்றார் கோதண்டம்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"சவாரிய வுட்டேன். அது இவளுக்காவ. வண்டிக்கு அடியில படுத்துப் பாக்குறத வுட்டேன். அது வயசுக்காவ. வலிக்காவ ஒண்ணும் வுடலை."

சார் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார், சில பயிற்சிகள் சொன்னார், கொஞ்ச நாள் கார் ஓட்ட வேண்டாம் என்றார். முதல் இரண்டுக்கும் தலையாட்டிய கோதண்டம் மூன்றாவதற்கு ஆட்டவில்லை. ஆட்டோவில் ஒரு தடவை அழைத்து வந்தபோது திருப்பத்தில் தனக்கோட்டி சாய்ந்து விழப்போனாளாம். பஸ் ஏற அவளால் முடியாது. வேறு டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"அந்தக் கிளட்ச்சு என் காலுக்குத்தான் மேடம் அடங்கும். இப்ப இருக்கற புள்ளைங்க உள்ள உக்காந்து கியரு எங்கன்னு தரையத் தடவுதுங்க."

அப்புறம்தான் இன்னொன்றையும் சொன்னார். டவுனில் ஓட்டல் நடத்தும் ஒருவர் அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓட்டக்கூட இல்லை, வாசலில் நிறுத்தி மேலே பூந்தொட்டி வைக்கப்போகிறாராம். ஓசூரில் இருக்கும் மகனும் விற்றுவிடு என்கிறான். "இந்த முதுகு இப்டியே போச்சுன்னா பொங்கல் தாண்டிக் குடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். இன்னா பண்றது."

கார் போனால் தனக்கோட்டி வரமாட்டாள். வீட்டில் கோதண்டம் சொன்னால் ஒரு பயிற்சியும் செய்யமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழித்துக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் அப்படியே நின்றுவிடும். பேச்சு போனவளுக்கு அந்தக் கையும் போனால் வேறு என்ன இருக்கிறது? கோதண்டத்தின் முதுகு தேறியே ஆக வேண்டும்.

முதுகோ தேறுவதாக இல்லை. வாரம் போகப்போக இடது காலை இழுத்து நடக்கத் தொடங்கினார். நான் அவரை விடவில்லை.

"பெல்ட்டப் போடுறீங்களா, இல்லையா?"

"வண்டி எடுக்குறப்பல்லாம் போடுறேன் மேடம்."

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா புடிச்சுக்குது."

ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலையில் எனக்கு பஸ் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தேன். அம்பாசிடர் வந்து நின்றது. "உறுவையாறு வழியாத்தான போறோம், ஏறுங்க மேடம்" என்றார் கோதண்டம். பின் சீட்டில் ஏறினேன். இத்தனை வருஷ வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கோயிலில் சாமியைப் பார்ப்பதற்கு முன்பு எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பேன்.

கோதண்டத்தின் வலது தோள் ஏறியிருந்தது, இடது தோள் இறங்கியிருந்தது. இடது கை ஸ்டியரிங்கில் இல்லை. அது தனக்கோட்டியின் தோளைச் சுற்றிப் பிடித்திருந்தது. கியர் மாற்ற வேண்டும்போது மட்டும் அந்தக் கை சட்டென்று வந்து, கம்பியைத் தள்ளிவிட்டு, திரும்ப ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டது. வேகத்தடை வந்தபோதெல்லாம் உடம்பு முழுவதையும் அவள் பக்கம் திருப்பி அணை கொடுத்தார். இடது கால் கனமான கிளட்ச்சை மிதிக்கிறது, இடுப்பு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது, வலது கை தனியாக அந்தப் பெரிய ஸ்டியரிங்கைச் சுற்றுகிறது. இதைச் செய்தால் இருபது வயது முதுகும் போய்விடும்.

என் முழங்காலுக்கு முன்னால், சீட்டுக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாக இரண்டு துண்டுகள் வெளியே வந்து முடிச்சுப் போட்டிருந்தன. எட்டிப் பார்த்தேன். துண்டுகளின் அந்த முனைகள் ஒரு பெல்ட்டில் கட்டியிருந்தன. பெல்ட் தனக்கோட்டியின் இடுப்பைச் சுற்றிச் சீட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது. சார் கொடுத்த பெல்ட்.

"இது உங்க முதுகுக்குக் குடுத்தது" என்றேன்.

கோதண்டம் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வலிக்கத்தான் மேடம் செய்யும். அவ வுழுந்துடுவா."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் மேல் அவ்வளவு அன்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் திட்ட முடியவில்லை. பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்தால் என்ன என்று மட்டும் கேட்டேன்.

"வாதம் வந்த அன்னிக்கு அங்கதான் மேடம் படுக்க வச்சு இட்டாந்தேன். கண்ணத் தொறந்து கூரையையே பாத்துகினு வந்தா. அதுலேர்ந்து பின்னாடி ஏறுன்னா காலத் தூக்கி வைக்க மாட்டா. முன்னாடிதான் அவ எடம். இத்தினி வருசம் இங்கதான உக்காந்தா?"

"இன்னா" என்றாள் தனக்கோட்டி மெதுவாக. அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சாரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, வாசலில் அந்தக் கார் வழக்கமாக நிற்கும் இடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தார். "காரை உள்ள கொண்டுவர முடியாது. நாம வெளிய போவோம்" என்றார். அவர்கள் அடுத்த முறை வந்தபோது இஞ்ச் டேப்போடு வாசலுக்குப் போனோம். காரின் அருகில் நின்று சார் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "தொடலாமா?" என்று கோதண்டத்திடம் கேட்டுவிட்டு டிரைவர் உட்காரும் இடத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, கியரைத் தொட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவாரோ அவ்வளவு நேரம் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது நான் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

"இதுல உக்காந்து இவர் இன்னும் நடக்கிறாரே, அதுவே பெரிசு" என்றார்.

சீட்டின் ஸ்பிரிங் இடது பக்கம் மட்டும் இறங்கிப்போயிருந்தது. இடுப்பு பள்ளத்தில், முழங்கால் மேட்டில். பேன்ட் பின்பாக்கெட்டில் விபூதிப் பொட்டலமும் பழைய லைசென்சும் பேரப்பிள்ளைகள் போட்டோவுமாக ஒரு தடித்த பர்ஸ். அதன்மேல் உட்கார்ந்துதான் இத்தனை காலமும் ஓட்டியிருக்கிறார். முதலில் பர்ஸை வெளியே எடுக்கச் சொன்னோம். வில்லியனூரில் கார் சீட் கட்டுகிற ஒருவரிடம் அனுப்பி ஸ்பிரிங்கை மாற்றி, அடியில் பலகை கொடுத்து, கெட்டியாகத் தென்னை நார் வைத்துக் கட்டினோம். இடுப்புக்குப் பின்னால் வைக்க, சுருட்டிய துண்டு ஒன்று. ஒர்க்ஷாப்பில் சொல்லி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சரியான சீட் பெல்ட்டைத் தனக்கோட்டி பக்கம் பொருத்தினார்கள். அவள் சாய்கிற பக்கம் வைக்க ஒரு சரிவுத் தலையணையை நானே தைத்தேன். அந்த இடுப்பு பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்து, அதன் சொந்தக்காரர் இடுப்பில் நானே மாட்டிவிட்டேன்.

ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. பாகூர் ஏரிக்கரையில் கட்டாயம் நிறுத்த வேண்டும். இறங்கி, இடுப்பில் கைகளை வைத்துப் பின்பக்கம் மெல்ல வளைந்து, காரைச் சுற்றி நடக்க வேண்டும். வழியில் போகிறவர்கள் வண்டி ரிப்பேரா என்று கேட்பார்களாம். "வண்டி நல்லாத்தான்பா இருக்கு, நான்தான் ரிப்பேரு" என்று கோதண்டம் பதில் சொல்வாராம்.

வலி குறைந்தது. போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்தக் காரில் கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் இடது தோள் முன்னால் போய் இடுப்பு முறுக்கிக்கொள்ளத்தான் செய்தது. பொங்கலும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டல்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு நாள் கோதண்டம் உள்ளே வரும்போதே முகமெல்லாம் வேர்த்து வந்தார். "மேடம், ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. ஏரிக்கரையில கியர் போடலாம்னு கைய எடுத்துட்டுப் போறேன். அங்க ஏற்கெனவே இவ கை இருக்குது."

தனக்கோட்டி இடது கையால் தன் வலது கையைத் தூக்கிக் கியர் கம்பியின்மேல் வைத்துக்கொண்டிருந்தாளாம். யோசித்துப் பார்த்தால் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதே அவளுடைய வலது கைதான். மாதக்கணக்கில் நான் மரக்கட்டையை வைத்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறேன். கட்டையைத் துளையில் வைத்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? கியரைப் போட்டால் வண்டி போகும், புருஷனுக்கு இடுப்பு முறுக்காது.

சார் உடனே வாசலுக்கு வந்தார். காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தோம். மூன்றாவது கியரிலிருந்து டாப்புக்கு, அதாவது நாலாவது கியருக்குப் போக, கம்பியை நேராகக் கீழே இழுத்தால் போதும். இருப்பதில் சுலபம் அதுதான். தனக்கோட்டியின் விரல்கள் குமிழைச் சுற்றி மடங்கின. எங்கள் அறையில் ஒரு நாளும் அப்படி மடங்கியதில்லை. இழுத்தாள். கம்பி அசையவில்லை. மறுபடி இழுத்தாள். கை நழுவி மடியில் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சார் ஜன்னலுக்கு மட்டமாகக் குனிந்தார். அவர் முதுகுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். "நாளைக்கும் இங்கதான் இருக்கும். நீங்க வந்தா போதும்" என்றார் அவளிடம்.

அன்றிலிருந்து மரக்கட்டைக்கு விடுமுறை. வந்ததும் வாசலில் நிறுத்திய காரில் அவளுக்குப் பயிற்சி. தோளிலிருந்து தள்ளாமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும் என்று நான் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிப்பேன். ரோட்டில் போகும்போது அவள் கையின்மேல் கோதண்டத்தின் கை இருந்தே தீர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதுவும் காலியான ரோட்டில் மட்டும். போலீஸ் சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

பொங்கல் தாண்டி ஓட்டல்காரர் நேரிலேயே சோரியாங்குப்பம் போனார். தனக்கோட்டி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, எவ்வளவு அழகாக வைத்துக்கொள்வேன் தெரியுமா என்று விளக்கியிருக்கிறார். "இவ ஒரே ஒரு இன்னாதான் மேடம் சொன்னா" என்றார் கோதண்டம். "மனுசன் அப்டியே பின்னாடியே நடந்து போய்ட்டாரு."

அருளப்பன் சார் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போனார். அவர் பாயும் ஸ்டூலும் எனக்கு வந்தன. தனக்கோட்டி வாரா வாரம் வருவது மாதத்துக்கு ஒரு முறை என்றாகி, பிறகு எப்போதாவது என்றானது. தட்டில் சோற்றைத் தானே பிசைகிறாள் என்றார் கோதண்டம். அவர் முதுகும் அப்படி இப்படியென்று ஓடிக்கொண்டிருந்தது.

அரசாங்க வேலையில் ஓய்வு பெறுகிறவர்களைக் கடைசி நாள் மாலை போட்டு, காரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். எனக்கும் ஆபீஸ் ஜீப் சொல்லியிருந்தார்கள். மாலையோடு வெளியே வந்தால் ஜீப் நின்ற இடத்தில் அம்பாசிடர் நிற்கிறது. வண்டியின் நெற்றியில் பூச்சரம் கட்டி, கண்ணாடி துடைத்து, பெண்ணழைப்புக்குக் கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தார் கோதண்டம். எல்லாம் விஜயாவின் வேலை.

பின் சீட்டில் ஏறினேன். பழக்க தோஷம், முதலில் தோள்களைப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. வில்லியனூர்க் கூட்டத்தைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும், சார் இல்லாத குறைக்கு நான் கேட்டேன்.

"இந்த வலியால நீங்க எதை விட்டுட்டீங்க?"

"இப்ப ஒண்ணு வுட்டுட்டேன் மேடம்."

"எதை?"

"டாப் கியர. அத்த அவ பாத்துக்குறா."

கிளட்ச்சை மிதித்தார். ஸ்டியரிங்கிலிருந்து அவர் கை நகரவில்லை. தனக்கோட்டியின் வலது கை கியர் கம்பியை எட்டி, பிடித்து, நேராகக் கீழே இழுத்தது. ஒரு சின்னச் சத்தம். வண்டி மூச்சுவிட்டு இலகுவாக ஓடத் தொடங்கியது. மேலே வேறு கை இருக்க வேண்டும் என்று நான் வாங்கிய சத்தியத்தை அவர்கள் எப்போது மீறினார்கள் என்று கேட்க வேண்டும் என நினைத்தேன். அதற்குள் கண்ணீர் முந்திக்கொண்டது. அது வரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மாலையின்மேல் கொட்டியது. கல்யாணப் பெண் கூட அப்படி அழுதிருக்கமாட்டாள்.

தனக்கோட்டி திரும்பினாள். இடது கையால் வலது கையைத் தூக்கிச் சீட்டின் முதுகுக்கு மேலாக வைத்தாள். விரல்கள் முழுதாக விரியவில்லை. விரிந்த வரைக்கும் என் பக்கம் நீட்டினாள்.

"இன்னா" என்றாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உறுவையாறு வரும்வரை விடவில்லை.